நோட்டீஸ் வந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு நிலம் பாலக்காடு மாவட்டத்தில், சொந்தபந்தம் பொள்ளாச்சியில், கடன் இரண்டு பக்கத்திலும். அங்கே இடுக்கியிலும் இதே கதைதான். வீடு போடியிலோ கம்பத்திலோ இருக்கும். ஏலத்தோட்டம் உடும்பன்சோலையில் இருக்கும். மழை பெய்து விலையும் நின்றால் எல்லைக்கோடு யாருக்கும் நினைவுக்கு வராது. கடன் தவணை நின்றுபோன அன்று அந்தக் கோடு வாசலில் வந்து நிற்கும். எந்த ஊர்க் கோர்ட், எந்த ஊர் வக்கீல், எந்த மொழியில் காகிதம் என்று ஆரம்பிக்கும்.

நான் வக்கீல் குமாஸ்தா. சித்தூர், பாலக்காடு கோர்ட்டுகளில் கட்டுத் தூக்கியே வயதாகிவிட்டது. மனு எழுதுவது வக்கீல். அதற்கு வேண்டிய காகிதங்களைச் சேர்ப்பது, நகல் மனு போடுவது, வாய்தாத் தேதி குறிப்பது, கட்சிக்காரர் உடைந்து உட்காரும்போது பக்கத்தில் இருப்பது எங்கள் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். விவசாயக் கடன் வழக்கில் தோற்றவர்களில் பெரும்பாலோர் சட்டம் இல்லாமல் தோற்கவில்லை, காலம் கடந்து வந்ததால் தோற்றார்கள். அவர்களில் பலர் அதுவரை வக்கீலே இல்லாமல் இருந்தவர்களும் அல்ல. பாகப்பிரிவினைக்கும் வழித்தகராறுக்கும் பார்த்த அதே வக்கீலிடம் வங்கி நோட்டீஸையும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்கள்.

எருத்தேன்பதிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் மஞ்சள் பையில் ஒரு கவரை வைத்துக்கொண்டு வந்தார். அறுபதைத் தாண்டியவர். கவருக்குள் மூன்று காகிதம். முதலாவது வங்கியின் நோட்டீஸ். இரண்டாவது, தோப்பின் கேட்டில் ஒட்டிப் போனதைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்தது. பின்பக்கம் பசை காய்ந்து மொடமொடவென்று இருந்தது. மூன்றாவது, மலையாளப் பத்திரிகையில் வந்த ஏல விளம்பரம்.

"இது எப்போங்க வந்துச்சு?" என்று வக்கீல் முதல் காகிதத்தைத் தொட்டுக் கேட்டார்.

"மாசியிலங்க."

"இப்ப ஆடி. இத்தன நாள் என்ன பண்ணினீங்க?"

"பையன் வந்து பாத்துக்குவான்னு இருந்தனுங்க. மாங்கா வித்து ஒரு தொகை கட்டிப்போட்டாச் சரியாப் போயிரும்னு பேங்குல ஒருத்தர் சொன்னாருங்க."

"எழுதிக் குடுத்தாரா?"

"வாயிலதானுங்க."

வக்கீல் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு காகிதத்தின் தலையிலும் தேதியைச் சுழித்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் அந்தத் தேதிகளைப் பற்றித்தான்.

அந்தத் தேதிகளுக்குப் பின்னால் இருப்பது 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம். அடமானச் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே கைப்பற்றி ஏலம் விட வழி செய்த சட்டம். கடன் வாராக்கடனாகிவிட்டது என்று வங்கி முடிவு செய்ததும், 13(2) பிரிவின்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பும். அந்த 60 நாளுக்குள் கடன்காரர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், 15 நாளுக்குள் காரணம் சொல்லி வங்கி பதில் எழுதியாக வேண்டும். அவகாசம் முடிந்தால் 13(4)-இன்படி சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். கேட்டில் ஒட்டுவது அந்த நோட்டீஸ்தான். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில், எல்லோரும் டி.ஆர்.டி. என்று சொல்லும் இடத்தில், வழக்குப் போடலாம். பாக்கியை முழுதாகக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமையும் ஏல விளம்பரம் வெளியாகும் வரைக்கும்தான் என்று 2016 திருத்தம் சொல்கிறது. அந்தத் தோப்புக்காரர் கையில் மூன்றாவது காகிதம் வந்தபோது, முதலிரண்டு காகிதங்கள் கொடுத்த வாய்ப்புகள் கழிந்துவிட்டிருந்தன.

இந்த வரிசையில் மிகப் பெரிய ஆயுதம் அந்த முதல் ஆட்சேபக் கடிதம். அதை எழுதுகிறவர் மிகக் குறைவு. எழுதினாலும் "மழை இல்லை, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்" என்று இரண்டு வரி எழுதிவிடுகிறார்கள். விவசாயக் கடன் தெரிந்த வக்கீல் இந்தக் கடிதத்துக்கு உட்காரும் விதமே வேறு. முதலில் கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்குவார். கடன் எந்தத் தேதியில் வாராக்கடனாக மாறியது என்று பார்ப்பார். ஏனென்றால் வியாபாரக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் உள்ள 90 நாள் கணக்கு பயிர்க்கடனுக்குக் கிடையாது. குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் தவணை தவறினால்தான் அது வாராக்கடன் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பயிர்க்கடனுக்கு 90 நாளில் முத்திரை குத்தியிருந்தால் அந்த நோட்டீஸின் அடித்தளமே ஆட்டம் காணும்.

அடுத்தது வட்டி. சிறு, குறு விவசாயிக்குக் கொடுத்த குறுகிய காலக் கடனில் ஏற்றும் மொத்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். இது நம் பக்கத்துக்குப் புதிய எண்ணமும் இல்லை. பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்தில், ராஜாஜி அந்த மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன்பு வாங்கிய கடனில் 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுவதையும் அது தள்ளியது. அசலைப் போல் இரண்டு பங்கு கட்டியவனுக்குக் கடனே தீர்ந்தது என்றது. எங்கள் தாத்தாக்கள் அந்தச் சட்டத்தால்தான் வயலைக் காப்பாற்றினோம் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிறகு இயற்கைச் சேதம். பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, பகுதி முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தால் கடனை மறுசீரமைக்கச் சொல்லிக் கேட்கலாம். 2018 வெள்ளத்துக்குப் பின் இடுக்கியில் பலர் தலை நிமிர்ந்தது இப்படித்தான். கிருஷி பவனில் பயிர்ச்சேத விண்ணப்பம் கொடுத்த ரசீதை நாலு வருஷம் கழித்துத் தேடி எடுத்துக் கொடுத்த ஒரு அம்மாளின் கடன் கணக்கில், அந்த ஒற்றைச் சீட்டால் பேச்சுவார்த்தையின் போக்கே மாறியதைக் கண்ணால் பார்த்தேன். சீட்டுகளை எறியாதீர்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: விவசாய நிலத்தை வங்கி இப்படி ஏலம் போடலாமா? சர்ஃபாசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்தின் மேலுள்ள அடமானத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றே சொல்கிறது. அதைக் கேட்டதும் கட்சிக்காரர் முகம் மலர்ந்துவிடும். ஆனால் 2018 ஜூலையில், தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியன் வங்கி வழக்கொன்றில், வருவாய்ப் பதிவேட்டில் விவசாய நிலம் என்று எழுதியிருப்பது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிலத்தின் தன்மை என்ன, அதில் என்ன நடக்கிறது, அடமானம் வைத்த நாளில் எதற்காக வைத்திருந்தார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். 2023 ஜனவரியில் இன்னொரு வழக்கில், அது விவசாய நிலம் என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன்காரருடையது என்றும் சொன்னது. ஆகவே "நஞ்சை என்று இருக்கிறதே" என்று பத்திரத்தைக் காட்டினால் தீராது. வெட்டிய காயின் கணக்கு, உரம் வாங்கிய பில், பாசன இணைப்பு, கரம் தீர்த்த ரசீது, நெல் கொடுத்த சீட்டு, தேவைப்பட்டால் கமிஷனர் வைத்து நிலத்தையே பார்க்கச் சொல்லும் மனு, இத்தனையும் வேண்டும். அதே நிலத்தை வைத்து மகனின் வியாபாரத்துக்கு ஓவர்டிராஃப்ட் வாங்கியிருந்தால், அடமானம் வைத்த நாளில் அங்கே பயிர் நின்றது என்பதற்கு இன்னும் வலுவான சாட்சியம் தேவைப்படும்.

இதனால்தான் அனுபவம் உள்ள வக்கீல் என்று அழுத்திச் சொல்கிறேன். நிலக் காகிதமும் தெரிய வேண்டும், கடன் சட்டமும் தெரிய வேண்டும். பாலக்காட்டில் நிலவழக்கில் கொடிகட்டிப் பறப்பவர் எறணாகுளத்து டி.ஆர்.டி. படியே ஏறாதவராக இருக்கலாம். டி.ஆர்.டி.யில் தினமும் நிற்பவருக்குத் தண்டப்பேரும் கைவசச் சான்றும் தெரியாமல் இருக்கலாம்.

இடுக்கியில் இந்த இரட்டைத் தேவை இன்னும் கூர்மையானது. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை தாலுகாக்களில் எந்தக் கடன் வழக்கும் நிலத்தின் வரலாற்றில் போய் முட்டும். பட்டயம் இருக்கிறதா, எந்த விதியின் கீழ் கொடுத்தது? 1964 நிலப்பதிவு விதியா, 1977 ஜனவரி 1-க்கு முன் குடியேறியவர்களுக்கான 1993 சிறப்பு விதியா, ஏலக்காய்ப் பாட்டமா? ஏலமலைக் காட்டு நிலத்தில் புதிய பட்டயம் கொடுக்க 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. பட்டயம் இல்லாத நிலத்துக்கு வங்கி கடன் தராது. வங்கி தராத இடத்தில் கந்துவட்டி நுழையும்.

அந்த மலையில் கடன் வளர்ந்த விதத்தையும் சொல்ல வேண்டும். புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் மாறி மாறி ஏலக்காய் ஏலம் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அந்த விலையை நம்பிப் பாட்டத்துக்கு நிலம் எடுத்தார்கள், செடி நட்டார்கள், வீட்டைப் பெரிதாக்கினார்கள். இரண்டே வருஷத்தில் விலை 1,000 ரூபாயைச் சுற்றி வந்து நின்றது. அதற்கு மேல் 2024 கோடையின் வெப்பத்தில் செடியே கருகியது. இப்படிச் சரிந்தவர்களை ஊதாரி என்று ஊர் பேசும்போது எனக்கு மனசு பொறுக்காது. விலையும் வானமும் அவர்கள் கையில் இல்லை.

போடியில் இருப்பவர் உடும்பன்சோலைத் தோட்டத்துக்காக எந்த ஊர் வக்கீலைப் பார்ப்பது? வக்கீல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தபிறகு, எந்த மாநிலத்தில் பதிவு செய்த வக்கீலும் நாட்டின் எந்தக் கோர்ட்டிலும் நிற்கலாம். ஆகவே தேனி வக்கீல் கேரளத்தில் வாதாடத் தடை இல்லை. சர்ஃபாசி வழக்கை, கடன் கொடுத்த கிளை இருக்கும் இடத்திலும் போடலாம், சொத்து இருக்கும் இடத்திலும் போடலாம். போடிக் கிளையில் வாங்கிய கடன் என்றால் மதுரை டி.ஆர்.டி.யும் உண்டு, தோட்டம் இருக்கும் இடத்தின் கணக்கில் எறணாகுளமும் உண்டு. பொள்ளாச்சிக் கிளை என்றால் கோயம்புத்தூர். இந்தத் தேர்வைக் கட்சிக்காரரிடம் எடுத்துச் சொல்லாத வக்கீல் இந்த வேலைக்குப் புதியவர் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தனியார் ஒருவர் அடமானத்தின் மேல் வழக்குப் போட்டால் அது நிலம் இருக்கும் ஊர்க் கோர்ட்டில்தான் நடக்கும். அங்கே ஆவணமெல்லாம் மலையாளம். என் அனுபவத்தில் சரிப்பட்டு வந்தது, நம் பக்கத்து வக்கீல் ஒருவரும் நெடுங்கண்டத்திலோ கட்டப்பனையிலோ இருக்கும் வக்கீல் ஒருவரும் சேர்ந்து பார்ப்பதுதான். செலவு கொஞ்சம் கூடும். தவறு வெகுவாகக் குறையும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசு அலுவலகங்களுக்கு எழுதவும் அதே மொழியில் பதில் பெறவும் இடம் கொடுக்கிறது. வில்லேஜ் ஆபீஸிலிருந்து ரெவின்யூ ரிக்கவரி நோட்டீஸ் மலையாளத்தில் வந்து புரியாவிட்டால், தமிழில் கேட்டு எழுதலாம். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஆனால் பதில் வரும் வரைக்கும் சும்மா இருக்காமல், அன்றைக்கே படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடன் முற்றியதும் ஊரில் ஒரு யோசனை சொல்வார்கள்: "பேசாம ஐ.பி. குடுத்துரு." மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு, கொடுத்துவிட்டால் கடன் கொடுத்தவர் யாரும் கிட்ட வர முடியாது என்று நம்பிக்கை. இதில்தான் மிக அதிகமாக ஏமாறுகிறார்கள். இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தனிமனிதரின் திவால் இன்றும் பழைய சட்டத்தில்தான் ஓடுகிறது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம், கேரளத்தில் 1955 திவால் சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிமனிதருக்கென ஒரு பகுதி இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்குள், சொத்து 20,000-க்குள், கடன் 35,000-க்குள், சொந்த வீடும் இல்லாதவருக்குக் கடனைத் தள்ளிப் புதிதாகத் தொடங்க வழி என்றுகூட எழுதியிருக்கிறார்கள். அது நடைமுறைக்கு வரவில்லை. 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதியைத் திறந்திருக்கிறார்கள்.

பழைய சட்டப்படி சப்-கோர்ட்டில் மனுப் போட்டுத் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்தால், அவருடைய சொத்து ரிசீவர் கைக்குப் போகும். கைதிலிருந்து காப்பு கேட்கலாம். கடைசியில் விடுதலை உத்தரவு கிடைத்தால் கையெழுத்துக் கடன்கள் போகும். ஆனால் நிலத்தை அடமானம் பிடித்தவரின் உரிமையை இது தொடாது. வங்கி தன் அடமானத்தைத் தன் வழியில் வசூலித்துக்கொள்ளும். நம் விவசாயியின் பெரிய கடன் எப்போதும் நிலத்தின் மேல்தான் இருக்கிறது. ஆகவே ஐ.பி. கொடுத்தால் நிலம் நிற்கும் என்பது தவறு. காசோலை திரும்பிய வழக்கும் தனியாக நடக்கும். அந்த வழக்குக்கு முன் வரும் நோட்டீஸுக்கு 15 நாள்தான் அவகாசம். வெற்றுக் காசோலை கொடுத்து வட்டிக்கு வாங்கியவர்கள் அந்த 15 நாளுக்குள் உண்மை நிலவரத்தைப் பதிலாக எழுதியே ஆக வேண்டும்.

இதைவிடக் கெடுதலான யோசனை ஒன்று உண்டு. "முதல்ல சம்சாரம் பேருக்கு எழுதி வெச்சுட்டு அப்புறம் ஐ.பி. போடலாம்." திவாலாவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் இப்படி எழுதிக் கொடுத்ததைக் கோர்ட் ரத்து செய்யலாம். கடைசி மூன்று மாதத்தில் கடன் கொடுத்த ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கட்டியதும் அப்படியே. சொத்தை மறைத்ததாகத் தெரிந்தால் தண்டனையும் உண்டு. இந்த யோசனையைச் சொல்கிற வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அமெரிக்காவில் 1986-இல், அங்கே பண்ணைக் கடன் நெருக்கடி முற்றியபோது, குடும்ப விவசாயிக்கென்றே திவால் சட்டத்தில் 12-ஆம் அத்தியாயம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். விவசாயி நிலத்திலேயே இருந்து பயிர் செய்வார். கோர்ட் ஒப்புக்கொண்ட திட்டப்படி மூன்று முதல் ஐந்து வருஷத்தில், அறுவடைக்குத் தக்கபடி கடனைக் கட்டுவார். தற்காலிகமாக வந்த அந்த அத்தியாயத்தை 2005-இல் நிரந்தரமாக்கினார்கள். நம் நாட்டில் கம்பெனிக்கு அப்படி ஒரு மறுவாழ்வு ஏற்பாடு இருக்கிறது, பத்து ஏக்கர்க்காரனுக்கு இல்லை. இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நமக்கு இருக்கும் காப்புகளும் சின்னவை அல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, தானே உழுது பிழைக்கும் விவசாயியின் உழவுக் கருவி, மாடு, விதை நெல், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது. அடமானம் வைத்த வீட்டுக்கு இது உதவாது. கைமாற்று, சீட்டுப் பணம், ஜாமீன் கடன்களில் உதவும். கடனுக்காகச் சிறை என்ற பயத்தில் ஊரை விட்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். கட்ட வழியில்லாதவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது; வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு கட்டாமல் ஏய்த்தவரைத்தான் அனுப்பலாம் என்று 1980-இல் கொச்சி வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காடு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர், தலச்சேரியில் வக்கீலாக இருந்தவர். வறுமை குற்றமாகாது என்று அவர் எழுதியதை எங்கள் மண்ணிலிருந்து போன குரலாகவே நான் நினைத்துக்கொள்வேன்.

கேரளத்தில் விவசாயிகள் கடன் நிவாரண ஆணையம் இருக்கிறது. 2006 சட்டத்தில் அமைந்தது. கூட்டுறவு வங்கிக் கடனுக்கு இது பெரிய உதவி. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்கு நிவாரணத்தின் உச்சவரம்பை 2019-இல் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தினார்கள். எந்தத் தேதி வரை வாங்கிய கடன் என்பதில் இடுக்கிக்கும் வயநாட்டுக்கும் தனிச் சலுகை உண்டு. இதற்கு மனுப் போட வக்கீல் தேவையில்லை என்றாலும், கூட்டுறவு வங்கியின் நடுவர் வழக்கு ஓடிக்கொண்டிருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

பாலக்காட்டு நெல்லுக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சப்ளைகோவுக்கு நெல் போட்டு வாங்கும் ரசீதை வங்கியில் கொடுத்துப் பணம் எடுக்கும்போது, அது உங்கள் பெயரில் கடனாகப் பதிவாகும் முறை ஒன்று இருந்து வருகிறது. அரசு வங்கிக்குக் கட்டுவது தாமதமானால் கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண். தான் விற்ற நெல்லுக்கான காசு தன் கடனாக நிற்பது எந்த நியாயத்திலும் சேராது. புதுக் கடன் மறுக்கப்பட்டால் இந்தக் கோணத்தைப் பார்க்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

சரி, நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கடன் வழக்கு நிபுணர் என்று பட்டம் கொடுக்கும் ஏற்பாடும் நம் நாட்டில் இல்லை. ஆகவே போர்டைப் பார்த்துப் பயனில்லை. இ-கோர்ட்ஸ் தளத்தில் வக்கீலின் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டுத் தேடினால் அவர் எந்தெந்தக் கோர்ட்டில் என்னென்ன வழக்கு நடத்துகிறார் என்று தெரியும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் நிமிஷத்தில் பார்த்துச் சொல்லும். நேரில் போனால் நேராகக் கேளுங்கள்: கடைசியாக டி.ஆர்.டி.யில் எப்போது வழக்கு நடத்தினீர்கள்? விவசாய நிலம் என்ற வாதத்தை எடுத்து நடத்தியிருக்கிறீர்களா? என் காகிதத்தில் அடுத்த கெடு என்றைக்கு? கடைசிக் கேள்விக்கு நோட்டீஸைப் பார்த்து அங்கேயே தேதி சொல்பவர் வேலை தெரிந்தவர்.

"நேரா எறணாகுளம் ஹைகோர்ட் போய்த் தவணை வாங்கிரலாம்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். டி.ஆர்.டி. இருக்கும்போது ரிட் மனுவில் உயர் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று 2018-இல் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி வழக்கிலும் 2023 ஏப்ரலில் சவுத் இந்தியன் வங்கி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொல்லியிருக்கிறது. இரண்டும் கேரளத்திலிருந்து போன வழக்குகள். ரிட்டில் ஓடும் நாட்கள் உங்கள் 45 நாளைத் தின்றுவிடும். ஏலத்தை நிறுத்தியே தருவேன் என்று உத்தரவாதம் தருபவரையும் நம்பாதீர்கள். எந்த வக்கீலும் தீர்ப்புக்கு உத்தரவாதம் தர முடியாது.

பீஸ் விஷயத்தில் கூச்சம் வேண்டாம். மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, கோர்ட் பீஸ் தனியா என்று எழுதி வாங்குங்கள். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவது பார் கவுன்சில் விதிக்கு எதிரானது. வக்காலத்தை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் பத்திரத்தைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வக்கீலை மாற்ற நினைத்தால் மாற்றலாம். பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் தீர்ப்பானதால், நடத்தை பற்றிய புகாரை மாநில பார் கவுன்சிலில்தான் கொடுக்க வேண்டும்.

காசு இல்லை என்று யாரும் நின்றுவிட வேண்டாம். 1987 சட்டப் பணிகள் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வெள்ளம், வறட்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவசமாக வக்கீல் கிடைக்கும். பெண்ணுக்கு வருமான வரம்பு இல்லை. நிலம் அம்மா பெயரில் இருந்தால் அம்மாவே மனுப் போடலாம். பாலக்காட்டிலும், இடுக்கிக்குத் தொடுபுழாவை அடுத்த முட்டத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. தாலுகாக்களிலும் குழுக்கள் உண்டு. அவர்கள் நடத்தும் லோக் அதாலத்தில் வங்கியோடு தொகை பேசி முடிக்கலாம். அங்கே முடிந்ததற்கு அப்பீல் கிடையாது என்பதால், தொகையையும் தவணைத் தேதியையும் நன்றாகப் படித்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

நோட்டீஸ் வந்ததும் கவரை எறியாமல், வந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். கணக்குப் புத்தகம், கரம் தீர்த்த ரசீது, பட்டயம் அல்லது பட்டா, பயிர்ச்சேத மனுவின் நகல், காய் விற்ற சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். பையனுக்காகக் காத்திருக்காதீர்கள், மாங்காய்ப் பணத்துக்காகவும் காத்திருக்காதீர்கள். அந்த வாரத்திலேயே ஒரு வக்கீலைப் பாருங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்; அது சட்டப் பணிகள் ஆணையத்தின் கட்டணமில்லாத எண்.